ஐதரசனும் அறுபத்தொன்பதரையும்

ஐதரசனைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். மூலகங்களிலேயே சின்னது, கனமே இல்லாதது, உள்ளே ஒரு புரோத்தன், வெளியே ஒரு இலத்திரன், இதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிற ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் முதல் ஆள், உயர்தரத்தில் எனக்கு இரசாயனம் படிப்பித்த சார். அவருக்கும் எனக்கும் நடந்த வழக்கைத்தான் எழுதப் போகிறேன். நடந்து அதிக காலம் ஆகவில்லை. அவர் இன்னும் படிப்பித்துக்கொண்டிருக்கலாம். நானும் அதே இரசாயனத்தை இப்போது வேறொரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஆகவே பெயர் எதுவும் சொல்ல மாட்டேன். கோபத்தை மட்டும் குறைக்காமல் சொல்வேன்.

பள்ளிக்கூடம் அட்டனில் இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டம் மஸ்கெலியாவைத் தாண்டி நல்லதண்ணிக்குப் போகிற பாதையில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் படித்தபோது ஒன்றரை வருடம் எங்களுக்கு விஞ்ஞான ஆசிரியரே கிடையாது. பாடப்புத்தகத்தை நானே வாசித்து, புரியாததை மனப்பாடம் செய்து, புரிந்ததைப் பற்றிச் சந்தேகப்பட்டு, எப்படியோ ஒரு ‘பி’ எடுத்தேன். அதைக் காட்டித்தான் அட்டனில் விஞ்ஞானப் பிரிவில் இடம் கேட்டேன். அந்த வருடம் தோட்டங்களிலிருந்து மூன்று பேரை எடுத்தார்கள். நான் ஒருத்தி. பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன், அட்டனில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தவன். கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து போன ஒரு பெண். மற்றவர்கள் எல்லோரும் நகரத்துப் பிள்ளைகள்.

முதல் நாளே சார் சொல்லிவிட்டார்.

“ஆய்வுகூடத்துல இருபத்தஞ்சு பேருக்குத்தான் எடம். நீங்க இருபத்தெட்டு பேரு இருக்கீங்க. மொதல் தவணைப் பரீட்சை முடிய, மூணு பேரு கலைப் பிரிவுக்குப் போகணும்.”

மூன்று என்று சொல்லும்போது அவர் கண் எங்கள் மூன்று பேர் மீதும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கலைப் பிரிவு மட்டமானது என்று நான் சொல்ல வரவில்லை. நான் கேட்டது அது இல்லை, அவ்வளவுதான். சோதனைக் குழாயைப் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்து வளர்ந்தவள் நான். அதைக் கையில் பிடிக்க வேண்டும், அதற்குள் ஏதாவது கொதிக்க வேண்டும், நிறம் மாற வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருந்தேன். முதல் நாளிலேயே அதைப் பிடுங்கப் பார்க்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இரண்டாவது வாரம் சார் ஆளுக்கொரு மூலகம் கொடுத்தார். நம்முடைய மூலகத்தை மற்ற மூலகங்களோடு ஒப்பிட்டு, ஆவர்த்தன அட்டவணையில் அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று பத்து நிமிடம் வகுப்புக்கு முன்னால் பேச வேண்டும். நகைக்கடைக்காரர் மகனுக்குத் தங்கம் போனது. என் பக்கத்தில் இருந்த தோழிக்குக் குளோரின். அவள் வாப்பா நகரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். தனக்கு இரும்பு கிடைக்கவில்லையே என்று அவளுக்குக் கவலை. முன் வரிசைப் பையனுக்குச் சோடியம். என் முறை வந்தபோது சார் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“ஒனக்கு ஐதரசன். ஒரே ஒரு இலத்திரன்தான். எண்ணிருவதானே?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அப்படிச் சிரித்ததற்காக அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். சிவனொளிபாதமலை சீசன் தொடங்கியிருந்தது. பஸ் முழுக்க மலையேறப் போகிற வெள்ளை உடுப்புக்காரர்கள். ஒரு காலில் நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்தபடி, எண்ணிக் காட்டுகிறேன் இருங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பள்ளிக்கூட நூலகத்தில் இருந்த இரண்டு புத்தகங்களையும் எடுத்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்குக் குஷி பிடித்துக்கொண்டது. ஐதரசனை எங்கே வைப்பது என்று பெரிய பெரிய ஆட்களே முழித்திருக்கிறார்கள். அட்டவணையில் அது முதலாம் கூட்டத்தின் தலைமாட்டில் இருக்கிறது. கீழே இலிதியம், சோடியம், பொற்றாசியம் என்று கார உலோகங்கள். அவை எல்லாவற்றுக்கும் வெளி ஓட்டில் ஒரு இலத்திரன், ஐதரசனுக்கும் ஒன்று. ஒற்றுமை கிட்டத்தட்ட அதோடு முடிந்தது. அவை கத்தியால் வெட்டலாம் போன்ற மெத்தென்ற உலோகங்கள். இது நிறமும் மணமும் இல்லாத வாயு. சோடியம் தன் இலத்திரனைக் கேட்டவுடன் கொடுத்துவிடும். ஐதரசனிடமிருந்து அந்த ஒன்றைப் பிடுங்க, சோடியத்துக்குச் செலவாவதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் சக்தி வேண்டும். இருப்பது ஒன்று, அதையும் இலேசில் விடாது. அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சரி, அப்படியென்றால் அடுத்த கரையில் குளோரின் இருக்கிற அலசன் கூட்டத்தில் வைக்கலாமே என்று ஒரு கட்சி. அவற்றுக்கும் ஓடு நிரம்ப ஒரு இலத்திரன் குறைவு, இதற்கும் ஒன்று குறைவு. அவையும் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து திரிகின்றன, இதுவும் சோடி சேர்ந்து திரிகிறது. ஆனால் குளோரினுக்கு இருக்கிற பேராசை இதற்குக் கிடையாது. சோடியம், கல்சியம் மாதிரிக் கொடுக்கிற உலோகம் கிடைத்தால் ஒன்றை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். பாதி நிரம்பிய ஓடு இருப்பதால் காபனுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று இன்னொரு கட்சி. ஐதரசனுக்கு அடுத்த எண்ணில் இருக்கிற ஈலியத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஈலியம் நிரம்பிய மூலகம். யாரோடும் பேச்சு வார்த்தை இல்லை. ஐதரசனோ தண்ணீரில் இருக்கிறது, அமிலத்தில் இருக்கிறது, சீனியில், மண்ணெண்ணெயில், தேயிலையில், என் தோலில். மற்ற எல்லா மூலகங்களின் கருவிலும் புரோத்தனுக்குத் துணையாக நியூத்திரன் இருக்க, சாதாரண ஐதரசன் மட்டும் அது இல்லாமலே நிற்கிறது. சூரியன் எரிவதே இதை வைத்துத்தான். இதைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்லி அவர் சிரித்தார்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து, ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கொழும்பில் கடை வேலையில் இருந்ததால் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வரிசை வீட்டில், நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குப் பேச வேறு ஆளும் இல்லை.

“யார்கூடவும் சேராதா அது? அம்புட்டுத் திமிரா?” என்றாள் அம்மா.

“எல்லாத்துகூடவும் சேரும்மா. யாரோட வரிசையிலயும் போய் நிக்காது, அதான்.”

“அப்ப ஒன்னைய மாதிரின்னு சொல்லு. ஒழுங்கா பேசிட்டு வா. வாய மட்டும் நீட்டிறாத.”

வாயை நீட்டக்கூடாது என்று அம்மா சொன்னதுதான் வேடிக்கை. எனக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பேசுவதோடு வாயுவையும் செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆய்வுகூட அலுமாரியில், அமிலத்தில் போட்டால் ஐதரசனை வெளிவிடுகிற நாக உலோகத் துண்டுகள் இருந்தன. சார் தர மறுத்தார். வீணாகிவிடுமாம். தோழி தன் வாப்பாவின் கடையிலிருந்து தீர்ந்துபோன டோர்ச் பற்றரிகள் நான்கைக் கொண்டுவந்தாள். அவற்றின் மேல் கூடு நாகம்தான். பள்ளிக்கூடத்துக் குழாயடியில் உட்கார்ந்து கிழித்து, உள்ளே இருந்த கறுப்பு மாவைக் கழுவி, கூட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினோம். எங்கள் கைகள் இரண்டு நாள் கறுப்பாக இருந்தன. அமிலத்தைச் சார் தானே ஊற்றுவதாகச் சொன்னார். அந்த விஷயத்தில் அவர் செய்தது சரிதான். நன்றாகப் படிப்பிப்பார், கவனமானவர். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம்.

எனக்கு முன்னால் சோடியத்துக்காரன் பேசினான். தண்ணீர்த் தட்டில் வடிதாளை மிதக்கவிட்டு, அதன்மேல் சின்னத் துண்டு சோடியத்தைச் சார் வைத்தார். அது சீறியது, மஞ்சளாகத் தீப்பற்றியது. வகுப்பு கைதட்டியது. சாரும் தட்டினார்.

என் முறை. குழாயைக் கவிழ்த்துப் பிடித்து வாயுவைச் சேர்த்தேன். “நேரா பிடி” என்றார் சார், என்னைச் சோதிப்பதற்காக. “நேரா பிடிச்சா போயிரும் சார். காத்தைவிடப் பதினாலு மடங்கு லேசு” என்றேன். எரிகிற குச்சியைக் குழாயின் வாயில் காட்டியதும் ‘டப்’ என்று ஒரு சத்தம். முன் வரிசை துள்ளி விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. என் கண் கலங்கிவிட்டது. அமில ஆவி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு ஒப்பிட்டுப் பேசினேன். சோடியம், குளோரின், காபன், ஈலியம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஐதரசன் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“இப்ப நீங்க எல்லாரும் சோடியத்துக்குக் கைதட்டினீங்க. சோடியம் தண்ணியோட சேந்தப்போ வெளியில வந்தது ஐதரசன். அங்க எரிஞ்சதும் முக்கியமா அதுதான். சோடியம் மஞ்சள் நிறத்தக் குடுத்திச்சு. கைதட்டல் மட்டும் அது வாங்கிட்டுப் போயிருச்சு.”

தோழி தன் இடத்திலிருந்து, போதும் என்று கண்ணைக் காட்டினாள். சார் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப ஐதரசன எந்தக் கூட்டத்துல போடலாம்னு நீ முடிவா சொல்ற?”

“எந்தக் கூட்டத்துலயும் போட வேண்டியதில்ல சார். அது எடம் தெரியாம நிக்கல. அட்டவணைக்குத்தான் அதுக்கு எடம் குடுக்கத் தெரியல.”

“பரீட்சையில இப்பிடி எழுதினா முட்டைதான் கெடைக்கும்” என்றார் சார். இருபதுக்குப் பதினொன்று போட்டார். சோடியத்துக்குப் பதினேழு. எனக்குக் கவலை இல்லை என்று தோழியிடம் சொன்னேன். பொய்தான் சொன்னேன்.

தவணைப் பரீட்சை வந்தது. நன்றாகத்தான் எழுதினேன். விடைத்தாள் கொடுக்கிற நாள் சார் எங்கள் மூன்று பேரின் தாள்களை மட்டும் தனியாகக் கையில் வைத்திருந்தார். எழுந்து நிற்கச் சொன்னார்.

கேள்வி இதுதான்: நீல நிறச் செப்பு சல்பேற்றுப் பளிங்கின் மூலர்த் திணிவைக் கணிக்க வேண்டும். அந்தப் பளிங்கில் ஒவ்வொரு செப்பு சல்பேற்றோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். செப்பு சல்பேற்றுக்கு நூற்று ஐம்பத்தொன்பதரை, ஐந்து நீருக்குத் தொண்ணூறு. இரண்டையும் கூட்டினால் இருநூற்று நாற்பத்தொன்பதரை. இதை இன்றைக்கு என் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் எழுதியிருந்தது அறுபத்தொன்பதரை. தொண்ணூறைக் கூட்டாமல் கழித்திருந்தேன்.

“செம்பு மட்டுமே அறுபத்து மூணரை. அப்ப ஒரு கந்தகமும் நாலு ஒட்சிசனும் சேந்து ஆறுக்குள்ள அடங்கிருச்சா?” என்றார் சார். வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகு குரலை மாற்றினார். “பிழை விடுறது பெரிய விஷயமில்ல. மூணு பேரும் ஒரே பிழைய, அந்த அரை கூட மாறாம விட்டிருக்கீங்க. இருபத்தெட்டு பேருல வேற யாரும் கழிக்கல. யாரு யாரைப் பாத்து எழுதினது?”

பரீட்சையில் நான் ஜன்னலோரம் முன்னால் இருந்தேன். பையன் கடைசி வரிசை. கினிகத்தேனைப் பெண் நடுவில், எனக்கு முதுகுப்புறம். பார்த்து எழுதக் கழுத்து சுழல வேண்டும். அதைச் சொன்னேன். சார் கேட்கவில்லை. மூன்று பேரும் வெளியே போய் நிற்க வேண்டும், பெற்றோர் வந்து பிரிவு மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வராந்தாவில் நின்றோம். பனிமூட்டம் மைதானத்தை மூடியிருந்தது. எனக்கு அழுகையைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது.

“நீ ஏன் தொண்ணூறக் கழிச்ச?” என்று பையனைக் கேட்டேன்.

“அஞ்சு தண்ணி இருந்திச்சில்ல? தண்ணிக்குக் கழிக்கணும்தானே” என்றான் அவன், இதென்ன கேள்வி என்பது மாதிரி.

“நானும் அதான் கழிச்சேன்” என்றாள் அந்தப் பெண். “நீ?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்க அவர்கள் இருவருக்கும் புரிந்து, மூன்று பேரும் வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். உள்ளேயிருந்து சார் மேசையைத் தட்டினார்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு மடுவம் என்று பெயர். அங்கே சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டி நிறுத்தவுடன், இருக்கிற நிறையை அப்படியே எழுத மாட்டார்கள். “சாக்குக்கு ஒன்னு, தண்ணிக்கு ரெண்டு” என்று கணக்கப்பிள்ளை உரக்கச் சொல்லிக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார். மழையில் கொழுந்து நனைந்து கனக்கும், அதற்குத்தான் கழிப்பு என்பார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் தண்ணிக்குக் கழிப்பார்கள். அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன நாளெல்லாம் நான் அதைக் கேட்டிருக்கிறேன். பூண்டுலோயாவிலும் அதே பாட்டு, கினிகத்தேனையிலும் அதே பாட்டு. தண்ணீர் என்று ஒன்று ஒட்டியிருந்தால் அதைக் கழிக்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேரின் கைக்கும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பிழை வராது. வர வழியே இல்லை.

சிரித்து முடித்த பிறகு எனக்கு உறைத்தது வேறு ஒன்று. ஐந்து நீரில் பத்து ஐதரசன். வகுப்புக்கு முன்னால் நின்று ஐதரசனுக்காக வழக்காடியவள், ஒரே கோட்டில் பத்தையும் வெட்டி எறிந்திருக்கிறேன். அங்கே வெட்கம் போய் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அப்போது தெளிவாகத் தெரியவில்லை.

மணி அடித்ததும் சாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

“கதை நல்லாத்தான் இருக்கு. வராந்தாவுல நின்னு கட்டினீங்களா?” என்றார்.

அம்மா வெள்ளிக்கிழமை வந்தாள். பாதி நாள் வேலையை விட்டுவிட்டு, தோட்டத்துப் பேச்சில் சொன்னால் அரைப் பேரோடு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஆசிரியர் அறையில் சார் படிவத்தை எடுத்து மேசையில் வைத்து, மேலே பேனாவையும் வைத்தார். என் விடைத்தாளைக் காட்டி, நடந்ததை விளக்கினார். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

“இவளுக்காகத்தான் சொல்றேன்மா. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பாரம். கலைப் பிரிவுன்னா லேசா படிச்சிட்டுப் போகலாம்.”

அம்மா தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவப்பு மையில் சுற்றியிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“இந்த எடத்துல தண்ணிய கழிச்சது தப்புங்களா சார்?”

“தப்புதான்மா. தண்ணியும் அந்தப் பளிங்கோட சேந்ததுதானே. அத இஷ்டத்துக்குக் கழிக்க ஏலாது.”

“அப்ப ஒருநாளைக்கு எங்க மடுவத்துக்கு வந்து இதையே சொல்லுங்க சார். பதினெட்டு வருசமா கொழுந்து எடுக்கிறேன். மழைக்கும் கழிக்கிறாங்க, வெயிலுக்கும் கழிக்கிறாங்க. எல்லாத் தோட்டத்துலயும் ஒரே மாதிரித்தான் கழிக்கிறாங்க. யாரைப் பாத்து எழுதினீங்கன்னு அவுங்கள யாரும் வெளிய நிப்பாட்டலையே.”

ஆசிரியர் அறையில் மற்ற மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு டீச்சர் சிரிப்பை அடக்க இருமினார். சார் பேனாவை எடுத்து மூடியைத் திருகித் திருகித் திறந்தார்.

“கையெழுத்துப் போடாட்டியும் நான் பேரை வெட்டத்தான் வேணும்மா. எடம் இல்ல.”

“நீங்க வெட்டுங்க சார். நான் போட மாட்டேன்” என்றாள் அம்மா. எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்து, “நீ வகுப்புக்குப் போ” என்றாள். வாயை நீட்டாதே என்று எனக்குச் சொன்னவள்தான் அவள்.

திங்கட்கிழமை சார் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டார். என் பெயர் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. கினிகத்தேனைப் பெண்ணின் பெயரும் வரவில்லை. அவள் அப்பாவும் கையெழுத்துப் போட மறுத்திருந்தார். பையன் வகுப்பிலேயே இல்லை. அவன் அத்தை, சார் சொன்ன மறுநாளே வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

கடைசிப் பெயரைக் கூப்பிட்டு இடாப்பை மூடப் போனார். நான் எழுந்து நின்றேன்.

“வந்திருக்கேன் சார்.”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாடத்தைத் தொடங்கினார். நான் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். மறுநாளும் எழுந்து சொன்னேன். அதற்கு மறுநாள் கினிகத்தேனைப் பெண்ணும் எனக்குப் பின்னால் எழுந்து, “நானும் வந்திருக்கேன் சார்” என்றாள். பின் வரிசையில் சிலர் கேலி செய்தார்கள். சீசன் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் ஒருநாள் பாதி வழி நடந்து, பாதி வழி மரக்கறி லொறியில் வந்து, பெயர் கூப்பிட்டு முடிகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்று, மூச்சு வாங்க அதே வார்த்தையைச் சொன்னேன். அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் எங்களுக்கு ஆசனம் கிடையாது. நின்றுகொண்டே செய்முறை பார்த்தோம். எனக்குக் கால் வலித்தது. கலைப் பிரிவுக்குப் போயிருந்தால் இந்நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று எண்ணம் வந்ததை ஒளிக்க மாட்டேன். இரண்டொரு தடவை வந்தது.

அடுத்த வாரம் தோழி ஒரு செய்தி கொண்டுவந்தாள். சார் இடைவேளையில் கலைப் பிரிவு வகுப்புக்குப் போயிருக்கிறார். அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் தொண்ணூறைக் கழித்தாய் என்று கேட்டிருக்கிறார். அவன் ஏற்கெனவே பிரிவு மாறிவிட்டவன். பொய் சொல்லி அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தண்ணிக்குக் கழிக்கணும்தானே சார் என்று என்னிடம் சொன்ன அதே மாதிரி அவரிடமும் சொல்லியிருக்கிறான். விஞ்ஞானப் பிரிவுக்குத் திரும்பி வருகிறாயா என்று சார் கேட்டாராம். வேண்டாம் சார், அத்தைக்குத் திரும்பவும் அலைச்சல் என்றானாம் அவன். கணக்கில் எங்கள் மூன்று பேரில் அவன்தான் கெட்டிக்காரன். அதை நினைக்கும்போது எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் பிழையைத் திருத்த ஒரு நிமிடம் போதும். அவனை அனுப்பிவைக்கவும் ஒரு நிமிடம்தான் எடுத்தார்கள்.

பதினோராவது நாள் நல்ல மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் சார் குரலை உயர்த்திப் பெயர் கூப்பிட்டார். நான் வழக்கம்போலக் கடைசிப் பெயருக்காகக் காத்து, மேசை விளிம்பைப் பிடித்தபடி இருந்தேன். பாதி இடாப்பில், எனக்கு முன்னால் வரும் பெண்ணின் பெயருக்கு அடுத்ததாக, என் பெயர் கேட்டது.

வகுப்பு முழுவதும் என் பக்கம் திரும்பியது. தோழி என் தொடையைக் கிள்ளினாள். சார் தலையைத் தூக்கவில்லை. பேனா இடாப்பின்மேல் நின்றது.

நான் வாயைத் திறக்கவில்லை. பத்து நாள் யாரும் கூப்பிடாமல் எழுந்து நின்றிருக்கிறேன். ஒரு மூச்சு நேரம் அவரும் காத்திருக்கட்டும்.

சார் நிமிர்ந்தார். என்னை நேராகப் பார்த்து, மழைக்கு மேலே கேட்கிற மாதிரி, என் பெயரை இரண்டாவது தடவை கூப்பிட்டார்.

“வந்திருக்கேன் சார்” என்றேன், உட்கார்ந்தபடியே.